கெட்டர், செட்டர், பிராப்பர்ட்டி, ரெக்கார்டு: ஆப்ஜெக்டின் தகவலை வெளியே தர எந்த வழி?

ஜாவாவில் புதிதாக ஒரு கிளாஸ் எழுதி, அதில் நான்கைந்து ஃபீல்டுகளை அறிவித்தவுடன், எடிட்டரின் மெனுவைத் திறந்து எல்லாவற்றுக்கும் கெட்டர் (மதிப்பைப் படித்துத் தரும் மெத்தட்), செட்டர் (மதிப்பை மாற்றும் மெத்தட்) உருவாக்கிவிடுவது பலருக்குக் கைப்பழக்கமாகிவிட்டது. கல்லூரியில், தகவலை ஆப்ஜெக்டுக்குள் மறைத்துக் காக்கும் என்காப்சுலேஷன் பாடத்தில் சொல்லித் தருவதும் பெரும்பாலும் இதுதான்: ஃபீல்டைப் பிரைவேட் ஆக்கு, பப்ளிக் கெட்டரும் செட்டரும் எழுது. அப்படிப் படித்தவர் வேலைக்குச் சேர்ந்து பைத்தானில் எழுதத் தொடங்கினால், உடன் இருக்கும் மூத்தவர் "இதெல்லாம் இங்கே வேண்டாம், ஃபீல்டை நேராகவே பயன்படுத்துங்கள்" என்கிறார். சி ஷார்ப் குழுவுக்குப் போனால் எல்லாவற்றையும், பார்க்க ஃபீல்டாகவும் உள்ளே மெத்தடாகவும் இருக்கும் பிராப்பர்ட்டியாக எழுதச் சொல்கிறார்கள். இன்னொருவர் வந்து செட்டரே கூடாது, உருவான பின் மாறாத ரெக்கார்டைப் பயன்படுத்து என்கிறார். ஒவ்வொருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்பதுதான் சிக்கல். எனவேதான் எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாமல் பலர் தயங்கி நிற்கிறார்கள்.

கெட்டரையும் செட்டரையும் பிரிக்க முடியாத ஜோடியாகப் பார்ப்பதில்தான் இந்தக் குழப்பம் தொடங்குகிறது என்பது என் கருத்து. ஒரு மதிப்பைப் படிக்க விடுவது ஒரு முடிவு. அதை வெளியிலிருந்து மாற்ற விடுவது முற்றிலும் வேறொரு முடிவு. முதலாவதைத் தாராளமாக எடுக்கலாம். இரண்டாவதற்கு ஒவ்வொரு ஃபீல்டுக்கும் தனித்தனியாகக் காரணம் இருக்க வேண்டும். கீழே ஐந்து வழிகளை எடை போடும்போது இந்தப் பிரிவினையை மனத்தில் வைத்துக்கொண்டே பார்க்கிறேன்.

பேச்சு காற்றில் போகாமல் இருக்க ஓர் எடுத்துக்காட்டைப் பிடித்துக்கொள்வோம். அலுவலக மென்பொருளில் விடுப்பு விண்ணப்பம் என்று ஒரு கிளாஸ். அதில் ஊழியர் எண், தொடக்க நாள், முடிவு நாள், நிலை என நான்கு தகவல்கள். தொடக்க நாள் முடிவு நாளைத் தாண்டக்கூடாது. அனுமதி கிடைத்த விண்ணப்பத்தின் நாட்களை யாரும் சத்தமில்லாமல் மாற்றிவிடக்கூடாது. மொத்த நாட்கள் எத்தனை என்பது சேமிக்கப்படாமல் இரண்டு தேதிகளிலிருந்து கணக்கிடப்படுவது.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், ஆப்ஜெக்ட் எந்த நேரத்திலும் தன் விதிகளுக்கு உட்பட்டு இருக்கிறதா என்பது. மற்றவற்றைவிட இதற்கே நான் அதிக எடை கொடுக்கிறேன், ஏனென்றால் கிளாஸ் என்ற ஒன்றை எழுதுவதே இதற்காகத்தான். இரண்டாவது, இன்று சேமித்து வைத்திருக்கும் மதிப்பை நாளை கணக்கிட்டுத் தர நேர்ந்தால், அதைப் பயன்படுத்தும் நூறு இடங்களையும் தொடாமல் அந்த மாற்றத்தைச் செய்ய முடியுமா என்பது. மூன்றாவது, அழைக்கும் வரியைப் படிப்பவருக்கு அங்கே உண்மையில் என்ன நடக்கிறது என்பது தெரிகிறதா என்பது: வெறும் நினைவகத்தை எட்டிப் பார்ப்பதா, டேட்டாபேஸுக்குப் போய் வருவதா? நான்காவது, நாம் சார்ந்திருக்கும் லைப்ரரிகளும் கருவிகளும் எந்த வடிவத்தை எதிர்பார்க்கின்றன. ஐந்தாவது, எழுதவும் பிறகு படித்துச் சரிபார்க்கவும் வேண்டிய வரிகளின் அளவு.

வேகத்தைத் தனி அளவுகோலாகச் சேர்க்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. ஒரு ஃபீல்டைத் திருப்பித் தருவதைத் தவிர வேறெதுவும் செய்யாத ஜாவா கெட்டர், பைட்கோடில் ஐந்து பைட்டுகள்தான். ஜாவாவை ஓட்டும் ஹாட்ஸ்பாட்டில், ஓடும்போதே பைட்கோடை இயந்திர மொழியாக்கும் ஜிட் கம்பைலர் 35 பைட்டுகள் வரையிலான மெத்தடுகளைச் சாதாரணமாகவே அழைக்கும் இடத்தில் உள்ளிழுத்துக்கொள்ளும். அடிக்கடி ஓடிச் சூடான நிரலில் கெட்டருக்கும் நேரடி ஃபீல்டுக்கும் இடையே நடைமுறையில் வேறுபாடு இருக்காது. 2010 வாக்கில் ஆண்ட்ராய்டின் வழிகாட்டி ஆவணம், கிளாஸுக்கு உள்ளேயே கெட்டரைக் கூப்பிடாமல் ஃபீல்டை நேராகத் தொடச் சொன்னது. அன்று ஆண்ட்ராய்டு நிரல்களை ஓட்டிய டால்விக்கின் ஜிட் கெட்டர்களை உள்ளிழுக்கவில்லை என்பதால் அந்த அறிவுரை சரியாக இருந்தது. அந்தக் காலம் போய்விட்டது, அறிவுரை மட்டும் இன்னும் சிலரிடம் தங்கியிருக்கிறது. பைத்தானில் நிலைமை வேறு: பிராப்பர்ட்டியைத் தொடும் ஒவ்வொரு முறையும் ஒரு ஃபங்ஷன் அழைப்பு நடக்கும், ஆகவே லட்சக்கணக்கான முறை சுழலும் லூப்புக்குள் அது உறைக்கும்.

## வழி 1: வெறும் பப்ளிக் ஃபீல்டு

தகவல்களுக்கிடையே எந்த விதியும் இல்லையென்றால் இதைவிட நேர்மையான வழி கிடையாது. சி பிளஸ் பிளஸ் மொழியை உருவாக்கிய பியார்ன் ஸ்ட்ரூஸ்ட்ரப்பும் ஹெர்ப் சட்டரும் தொகுத்துவரும் கோர் கைடுலைன்ஸ் இதைத் தெளிவாகவே சொல்கிறது: உறுப்புகள் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே மாறலாம் என்றால் வெறும் தகவல் தொகுப்பான ஸ்ட்ரக்ட் போதும், காக்க வேண்டிய விதி ஒன்று இருந்தால்தான் கிளாஸ் வேண்டும், வெறுமனே மதிப்பை எடுத்துக் கொடுக்கவும் வாங்கி வைக்கவும் மட்டும் செய்யும் கெட்டர், செட்டரைத் தவிர்க்கவும். வரைபடத்தின் ஒரு புள்ளியின் இரு ஆயங்கள், கான்ஃபிகரேஷன் கோப்பிலிருந்து படித்து உடனே வேறிடத்துக்குக் கடத்தப்படும் மதிப்புகள் ஆகியவற்றுக்கு இது போதுமானது.

மறைந்திருக்கும் செலவு பின்னால் வருகிறது. ஜாவாவில் பப்ளிக் ஃபீல்டை மெத்தடாக மாற்றினால் பயன்படுத்தும் ஒவ்வொரு வரியும் உடையும். சி ஷார்ப்பில் இன்னும் நுட்பமான ஆபத்து உண்டு: ஃபீல்டைப் பிராப்பர்ட்டியாக மாற்றினால் மூலநிரல் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும், ஆனால் பழைய டி.எல்.எல். கோப்பை (கம்பைல் செய்த லைப்ரரியை) நம்பிக் கம்பைல் செய்யப்பட்ட நிரல் ஓடும்போது ஃபீல்டைத் தேடும், கிடைக்காமல் விழும். எல்லாரும் மறுபடி கம்பைல் செய்தாக வேண்டும்.

ஜாவாவே இந்த விலையைக் கொடுத்திருக்கிறது. திரை வடிவமைப்புக்கான அதன் ஏ.டபிள்யூ.டி. லைப்ரரியில் டைமென்ஷன் என்ற கிளாஸின் அகலமும் உயரமும் பப்ளிக் ஃபீல்டுகள். கையில் கிடைத்த டைமென்ஷனை யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதால், திரையின் ஓர் உறுப்பிடம் அதன் அளவைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் அது புதிய டைமென்ஷன் ஒன்றை நகலெடுத்துத் தர வேண்டியிருக்கிறது. அந்த வீண் நகலைத் தவிர்ப்பதற்காகவே, அகலத்தையும் உயரத்தையும் வெறும் எண்ணாகத் திருப்பித் தரும் தனி மெத்தடுகளை 1.2 பதிப்பில் சேர்த்தார்கள்.

பைத்தான்காரர்கள் இந்த வழியை அச்சமில்லாமல் பயன்படுத்தலாம், ஏனென்றால் பின்னாளில் ஃபீல்டைப் பிராப்பர்ட்டியாக மாற்றினாலும் அழைக்கும் வரி மாறுவதில்லை. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். `விடுப்பு.முடிவுநாள்` என்று எழுத வேண்டிய இடத்தில் ஓர் எழுத்து தவறி `விடுப்பு.முடிவுநள்` என்று மதிப்பை வைத்தால் பைத்தான் எதுவும் சொல்லாது. புதிதாக ஒரு பெயரைச் சேர்த்துக்கொண்டு போய்விடும். கிளாஸில் ஸ்லாட்ஸ், அதாவது அனுமதிக்கப்பட்ட பெயர்களின் பட்டியல், அறிவித்தால் இது தடுக்கப்படும்.

## வழி 2: கெட்டர், செட்டர் மெத்தடுகள்

இந்த வடிவம் ஜாவா உலகில் இவ்வளவு ஆழமாக வேரூன்றியதற்கு 1997ஆம் ஆண்டின் ஜாவாபீன்ஸ் வரையறை முக்கியக் காரணம். திரை வடிவமைக்கும் கருவி ஒன்று, தனக்கு முன்பின் தெரியாத கிளாஸிடம் என்னென்ன பண்புகள் இருக்கின்றன என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்காக ‘கெட்’, ‘செட்’, பூலியனுக்கு ‘இஸ்’ என்ற முன்னொட்டுகளை வழக்கமாக்கினார்கள். அதாவது, இது கருவிகளுக்காகப் பிறந்த பெயரிடும் ஒப்பந்தம். தகவலைக் காக்கும் தத்துவமாக இது தொடங்கவில்லை. ஹைபர்நேட் (டேட்டாபேஸுக்கு), ஜாக்சன் (ஜேசன் தகவலுக்கு) போன்ற லைப்ரரிகள் அந்த ஒப்பந்தத்தைப் பின்பற்றின. அதனால் நான்காவது அளவுகோலில் இந்த வழி இன்றும் முதலிடத்தில் நிற்கிறது.

இரண்டாவது அளவுகோலிலும் குறை சொல்ல முடியாது. மொத்த நாட்களை இன்று ஃபீல்டில் வைத்திருந்தாலும், நாளை விடுமுறை நாட்களைக் கழித்துக் கணக்கிட்டுத் தரலாம். மெத்தடின் பெயர் மாறாது.

ஆனால் முதல் அளவுகோலில் இது தரும் பாதுகாப்பு, பார்க்கத் தெரிவதைவிட மிகக் குறைவு. ஃபீல்டைப் பிரைவேட் ஆக்கிவிட்டு அதற்கு நிபந்தனையற்ற செட்டர் வைப்பது, கதவைப் பூட்டிச் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவதற்குச் சமம். கெட்டரிலும் ஓட்டை உண்டு. 2014இல் ஜாவா 8 வெளிவருவதற்கு முன் எழுதப்பட்ட விடுப்பு கிளாஸ், தொடக்க நாளைப் பழைய டேட் ஆப்ஜெக்டாகத் திருப்பித் தந்திருக்கும். அந்த டேட் மாறக்கூடியது. கெட்டர் மூலம் அதை வாங்கியவர் அதன் நேரத்தை மாற்றினால், செட்டரே இல்லாத கிளாஸிலும் விடுப்பின் தொடக்க நாள் மாறிப்போகும். பட்டியல்களுக்கும் இதே கதைதான்: உள்ளே இருக்கும் லிஸ்டை அப்படியே எடுத்துக் கொடுக்கும் கெட்டர், கெட்டர் வேடத்தில் இருக்கும் செட்டர். லிஸ்டை மாற்ற முடியாத வடிவில் தர வேண்டும், அல்லது நகல் தர வேண்டும்.

வரிகளின் எண்ணிக்கையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. லோம்போக் போன்ற கருவி ஒரே குறிப்பில் எல்லாவற்றையும் உருவாக்கிவிடும். அதன் விலை, எந்த ஃபீல்டுக்குச் செட்டர் தேவை என்ற கேள்வியை யாரும் கேட்காமலேயே போய்விடுவது.

## வழி 3: பிராப்பர்ட்டி

அழைப்பவருக்கு ஃபீல்டைப் போலத் தெரியும், உள்ளே மெத்தடாக ஓடும்: இதுதான் பிராப்பர்ட்டி. ஐஃபெல் மொழியை உருவாக்கிய பெர்ட்ராண்ட் மேயர் இதன் பின்னால் இருக்கும் கொள்கையை முன்வைத்தவர். ஒரு மதிப்பு சேமிக்கப்பட்டதா கணக்கிடப்பட்டதா என்பது அதைக் கேட்பவரின் குறிமுறையில் தெரியக்கூடாது என்பது அவர் வாதம். ஐஃபெலில் இன்னொன்றும் உண்டு. வெளியே தெரியும் ஃபீல்டை மற்ற கிளாஸ்கள் படிக்கலாம், ஆனால் நேராக எழுத முடியாது. படிப்பதும் மாற்றுவதும் வேறுவேறு உரிமைகள் என்பதை 1980களிலேயே ஒரு மொழி தன் இலக்கணத்தில் வைத்திருந்தது. பிறகு வந்த நாம் இரண்டையும் ஒட்டிப் பழகிக்கொண்டோம்.

1995இல் வந்த டெல்பியில் பிராப்பர்ட்டி இருந்தது. அதை வடிவமைத்த ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க்கே பின்னர் சி ஷார்ப்பையும் வடிவமைத்ததால் அதிலும் முதல் பதிப்பிலிருந்தே இருக்கிறது. பைத்தான் 2.2 பதிப்பில், 2001இல், பிராப்பர்ட்டி சேர்ந்தது. ஜாவாஸ்கிரிப்ட் 2009இல் இதைத் தரப்படுத்தியது. 2016இல் முதல் பதிப்பு கண்ட கோட்லின், ஃபீல்டு என்ற ஒன்றையே வெளியில் காட்டாமல் எல்லாவற்றையும் பிராப்பர்ட்டியாக்கியது. பி.எச்.பி. 2024 நவம்பரில் 8.4 பதிப்பில்தான் இங்கு வந்து சேர்ந்தது. ஆனால் வரும்போதே, படிக்க ஒரு அனுமதி, எழுத வேறொரு அனுமதி என்று பிரித்து அறிவிக்கும் வசதியையும் கொண்டுவந்தது. ஜாவாவில் இன்றுவரை பிராப்பர்ட்டி இல்லை.

இரண்டாவது அளவுகோலில் இதுவே மிகச் சிறந்தது. சி ஷார்ப்பில் 2007 முதல் ஒரே வரியில் பிராப்பர்ட்டி எழுதலாம், விண்டோஸ் திரைகளை எழுதும் டபிள்யூ.பி.எஃப்.இல், திரையைத் தகவலோடு இணைக்கும் டேட்டா பைண்டிங் ஃபீல்டுகளைக் கண்டுகொள்ளாது, பிராப்பர்ட்டிகளோடு மட்டுமே வேலை செய்யும். படிக்க எல்லாருக்கும், எழுத கிளாஸுக்கு மட்டும் என்ற அறிவிப்பு ஒரு சொல்லில் முடிந்துவிடுகிறது. நம் விடுப்பு கிளாஸின் மொத்த நாட்கள், செட்டர் இல்லாத பிராப்பர்ட்டிக்குப் பாடப்புத்தகம் போன்ற எடுத்துக்காட்டு.

செலவு மூன்றாவது அளவுகோலில்தான். ஃபீல்டைப் போலத் தெரிவதால், அழைப்பவர் அதை ஃபீல்டைப் போலவே நம்புகிறார். பைத்தானின் வெப் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவில் விடுப்பு விண்ணப்பத்திலிருந்து புள்ளி வைத்து ஊழியரைத் தொட்டால், அவர் ஏற்கெனவே ஏற்றப்படாதபோது, அந்தப் புள்ளி ஒரு டேட்டாபேஸ் வினவலாக மாறுகிறது. ஐந்நூறு விண்ணப்பங்களைப் பட்டியலிடும் லூப்பில் ஐந்நூறு வினவல்கள். எழுதியவர் கண்ணுக்கு ஒன்றுகூடத் தெரிவதில்லை.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், அடுத்த ரசீது எண்ணைத் தரும் பிராப்பர்ட்டி ஒன்று சி ஷார்ப்பில் இருந்தது. படிக்கும் ஒவ்வொரு முறையும் அது உள்ளிருக்கும் எண்ணை ஒன்று கூட்டும். சாதாரணமாக ஓடும்போது ரசீதுகள் வரிசையாகவே வந்தன. வேறொரு பிழையைத் தேடி நிரலை டிபக்கரில் நிறுத்தினால் மட்டும் எண்கள் இடையில் விட்டுவிட்டுத் தாவின. இரண்டு நாள் தேடிய பிறகுதான் புரிந்தது: விஷுவல் ஸ்டுடியோவின் கண்காணிப்புச் சாளரம், பிராப்பர்ட்டியின் மதிப்பை நமக்குக் காட்டுவதற்காக அதன் கெட்டரை ஓட்டிப் பார்க்கிறது. நாங்கள் சாளரத்தைத் திறந்து பார்த்ததே எண்ணைக் கூட்டியிருக்கிறது. அன்றிலிருந்து ஒரு விதியை விடாமல் கடைப்பிடிக்கிறேன்: இரண்டு முறை படித்தால் எதுவும் மாறக்கூடாது. மாறுமென்றால், அது பிராப்பர்ட்டியாக இருக்கக்கூடாது, வினைச்சொல்லைப் பெயராகக் கொண்ட மெத்தடாக இருக்க வேண்டும்.

புதிதாக எழுதுபவர்கள் விழும் மற்றொரு குழி, செட்டருக்குள் அதே பிராப்பர்ட்டியின் பெயருக்கே மதிப்பை வைப்பது. செட்டர் தன்னையே மறுபடி அழைக்கும். பைத்தானில் இயல்பான எல்லையான ஆயிரம் அடுக்குகளைத் தொட்டதும் ரிகர்ஷன் பிழை வந்து நிற்கும். சி ஷார்ப்பில் ஸ்டாக் நிரம்பி மொத்த நிரலும் சாகும், அதைப் பிடிக்கவும் முடியாது. பைத்தானில் உள்ளே இருக்கும் பெயரை அடிக்கோட்டுடன் தொடங்குவது இதற்கான பழைய தீர்வு. கோட்லினில் தொடக்கம் முதலும், சி ஷார்ப்பில் 2025இல் வந்த 14ஆம் பதிப்பிலும், பிராப்பர்ட்டிக்குப் பின்னால் இருக்கும் சேமிப்பிடத்தைக் குறிக்கத் தனிச்சொல்லே இருக்கிறது.

இப்போது முதல் அளவுகோலுக்கு வருவோம். இதில் கெட்டர், செட்டர் மெத்தடுகளும் பிராப்பர்ட்டியும் ஒரே இடத்தில்தான் தோற்கின்றன. ஜனவரி 5 முதல் 9 வரை கேட்ட விடுப்பை, பிப்ரவரி 2 முதல் 6 வரை என்று மாற்ற வேண்டும்.

`விடுப்பு.தொடக்கநாள் = பிப்ரவரி 2`
`விடுப்பு.முடிவுநாள் = பிப்ரவரி 6`

தொடக்க நாளின் செட்டர், புது மதிப்பு முடிவு நாளைத் தாண்டுகிறதா என்று பார்க்கிறது. முடிவு நாள் இன்னும் ஜனவரி 9. முதல் வரியிலேயே பிழை. சரி, முடிவு நாளை முதலில் மாற்றலாம் என்றால், விடுப்பை டிசம்பருக்கு முன்தள்ளும்போது அதே வரிசை உடைகிறது. அதுமட்டுமல்ல: முடிவு நாளை முதலில் மாற்றிய அந்தக் கணத்தில் விண்ணப்பம் ஜனவரி 5 முதல் பிப்ரவரி 6 வரை, அதாவது 33 நாள் விடுப்பாக இருக்கிறது. செட்டருக்குள் விடுப்பு இருப்பைச் சரிபார்க்கும் விதியும் இருந்தால், யாரும் கேட்காத 33 நாளுக்கு இருப்பு போதாது என்று நிராகரிக்கும்.

மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட் வடிவமைப்பு வழிகாட்டி, பிராப்பர்ட்டிகளை எந்த வரிசையில் வேண்டுமானாலும் வைக்க அனுமதிக்க வேண்டும், இடையில் ஆப்ஜெக்ட் தற்காலிகமாக விதிமீறி நின்றாலும் பரவாயில்லை என்கிறது. பிராப்பர்ட்டியைத் தேர்ந்தால் அந்த அறிவுரை சரியானதுதான். அதையே திருப்பிப் படித்தால் நமக்கு வேண்டிய அளவுகோல் கிடைக்கிறது: விதி ஒரு ஃபீல்டோடு முடிந்தால் செட்டர் அதைக் காக்கும், விதி இரண்டு ஃபீல்டுகளைச் சேர்த்துப் பேசினால் செட்டரால் காக்க முடியாது.

## வழி 4: மாறாத ஆப்ஜெக்ட், ரெக்கார்டு

ஒருமுறை உருவான பிறகு எதுவும் மாறாது. மாற்றம் வேண்டுமென்றால் புது ஆப்ஜெக்ட். பைத்தான் 3.7இல் 2018இல் வந்த டேட்டாகிளாஸை உறைந்த வடிவில் அறிவிக்கலாம். சி ஷார்ப் 9இல் 2020இலும், ஜாவா 16இல் 2021 மார்ச்சிலும் ரெக்கார்டுகள் நிலைபெற்றன.

நம் சிக்கலுக்கு இது நேரான விடை. தொடக்க நாளையும் முடிவு நாளையும் சேர்த்துக் காலம் என்று ஒரு ரெக்கார்டு ஆக்கிவிட்டால், ஆப்ஜெக்டை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டர் ஒன்றில் மட்டும் விதியை எழுதினால் போதும். இரண்டு தேதிகளும் ஒன்றாகவே வரும், ஒன்றாகவே சரிபார்க்கப்படும், 33 நாள் என்ற இடைநிலை பிறக்கவே பிறக்காது. ஒரே நேரத்தில் பல த்ரெட்கள் படித்தாலும் பாதி மாறிய நிலையைப் பார்க்கும் வாய்ப்பு இல்லை. எழுதும் வரிகளும் மிகக் குறைவு.

மறைந்த செலவுகளில் முதலாவது பலருக்குத் தெரியாதது. சி ஷார்ப்பில் ‘வித்’ கொண்டு ரெக்கார்டை நகலெடுத்து ஒரு மதிப்பை மட்டும் மாற்றினால், முதன்மைக் கன்ஸ்ட்ரக்டரில் எழுதிய சரிபார்ப்பு மறுபடி ஓடாது. நகல் எடுத்த பிறகு அந்த பிராப்பர்ட்டியில் மதிப்பு வைக்கப்படுகிறது, அவ்வளவுதான். விதிமீறிய காலம் அந்த வழியாகப் பிறந்துவிடும். பைத்தானின் ரீப்ளேஸும் கோட்லினின் காப்பியும் கன்ஸ்ட்ரக்டர் வழியாகவே போவதால் அங்கே இந்த ஓட்டை இல்லை. இரண்டாவது, உறைந்திருப்பது மேல்தளம் மட்டும்தான்: ரெக்கார்டுக்குள் மாறக்கூடிய லிஸ்ட் இருந்தால் அது மாறிக்கொண்டே இருக்கும். மூன்றாவது, ஜாவா ரெக்கார்டின் படிக்கும் மெத்தடுகளுக்கு ‘கெட்’ முன்னொட்டு கிடையாது. ஜாவாபீன்ஸ் வழக்கத்தையே நம்பும் பழைய கருவிகள் தடுமாறும். ஜாவாவின் டேட்டாபேஸ் தரமான ஜே.பி.ஏ.வில், டேட்டாபேஸில் சேமிக்கப்படும் என்டிட்டியாக ரெக்கார்டைப் பயன்படுத்தவே முடியாது. நான்காவது, வாழ்நாள் முழுக்க மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றை, எடுத்துக்காட்டாக விண்ணப்பம், அனுமதி, ரத்து என்று நகரும் நம் விடுப்பை, மாறாத ஆப்ஜெக்டாக வடித்தால், எந்தப் பிரதி இப்போது செல்லுபடியாகிறது என்பதை வேறு யாரோ கணக்கு வைக்க வேண்டியிருக்கும்.

## வழி 5: செயலின் பெயரில் மெத்தட்

செட்டரை எடுத்துவிட்டு, அலுவலகத்தில் உண்மையில் நடக்கும் செயல்களை மெத்தடுகளாக வைப்பது.

`விடுப்பு.காலத்தை_மாற்று(புதுக்காலம்)`
`விடுப்பு.அனுமதி(மேலாளர்)`
`விடுப்பு.ரத்துசெய்(காரணம்)`

நிலையை ‘அனுமதிக்கப்பட்டது’ என்று வைக்கும் செட்டர் இருந்தால், அந்த வரி எங்கிருந்தும் எழுதப்படலாம். யார் அனுமதித்தார், எப்போது, அதற்கு முன் ரத்தாகியிருந்ததா என்பதை ஒவ்வொரு இடத்திலும் எழுதுபவர்தான் நினைவில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். அனுமதி என்ற மெத்தட் மேலாளர் பெயரைக் கேட்காமல் ஓடாது, ரத்தான விண்ணப்பத்தை ஏற்காது, பதிவேட்டில் எழுத மறக்காது. மென்பொருள் வடிவமைப்பு பற்றி எழுதும் மார்ட்டின் ஃபவுலர் 2003இல் ‘ரத்தசோகை பிடித்த மாதிரி’ என்ற பொருள்பட ஒரு பெயர் சூட்டியது இதற்கு நேர் எதிரான நிலைக்குத்தான்: கிளாஸில் கெட்டரும் செட்டரும் மட்டுமே இருக்கும், விதிகளெல்லாம் வெளியே சர்வீஸ் கிளாஸ்களில் சிதறிக் கிடக்கும்.

இதன் விலை யோசிக்கும் நேரம். எந்தச் செயல்கள் உண்டு என்பதை அந்த வேலையைச் செய்பவர்களிடம் கேட்டுத்தான் எழுத முடியும். வெப் படிவத்திலிருந்து நேராக ஆப்ஜெக்டை நிரப்பும் ஃபிரேம்வொர்க்குகளோடு இது ஒத்துப்போகாது; படிவத்துக்குத் தனியாக ஒரு வெறும் தகவல் கிளாஸ் வேண்டியிருக்கும். டேட்டாபேஸ் பக்கம் பலர் அஞ்சும் அளவுக்குத் தடை இல்லை: ஜே.பி.ஏ.வில் ஐ.டி. என்ற அனோட்டேஷனைக் கெட்டரின் மேல் வைக்காமல் ஃபீல்டின் மேல் வைத்தால், அது ஃபீல்டுகளை நேராகவே நிரப்பிக்கொள்ளும், செட்டர் கேட்காது. இதை அறியாமல், ஹைபர்நேட்டுக்காக என்று எழுதப்பட்ட செட்டர்கள் ஏராளம்.

விதியே இல்லாத இடத்தில் இந்த வழியைத் திணிப்பதும் தவறு. குறிப்பு என்று ஓர் உரைப் பெட்டி இருந்து, அதில் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்றால், ‘குறிப்பை மாற்று’ என்ற மெத்தட் வேறு சட்டை போட்ட செட்டர்தான்.

## ஒரே பார்வையில்

| வழி | விதிகளைக் காத்தல் | பின்னாளில் மாற்ற இடம் | அழைக்கும் வரியின் தெளிவு | கருவிகளோடு பொருத்தம் | எழுதும் வேலை |
|---|---|---|---|---|---|
| பப்ளிக் ஃபீல்டு | இல்லை | பைத்தானில் உண்டு; ஜாவா, சி ஷார்ப்பில் உடையும் | முழுத் தெளிவு | மொழியைப் பொறுத்தது | மிகக் குறைவு |
| கெட்டர், செட்டர் மெத்தட் | தனி ஃபீல்டின் விதி மட்டும் | நன்று | ஓரளவு | ஜாவாவில் மிக நன்று | அதிகம் |
| பிராப்பர்ட்டி | தனி ஃபீல்டின் விதி மட்டும் | மிக நன்று | செலவு மறைந்துவிடலாம் | சி ஷார்ப், கோட்லினில் மிக நன்று | குறைவு |
| ரெக்கார்டு | பல ஃபீல்டு விதிகளும். சி ஷார்ப்பின் ‘வித்’ விதிவிலக்கு | நன்று | தெளிவு | ஜே.பி.ஏ. போன்றவற்றில் தடை | மிகக் குறைவு |
| செயல்பெயர் மெத்தட் | பல ஃபீல்டு விதிகளும், வரிசை விதிகளும் | மிக நன்று | மிகத் தெளிவு | படிவ நிரப்பலில் தடை | யோசனை அதிகம் |

## எந்த இடத்தில் எது

ஒரு கிளாஸுக்கு ஒரே வழி என்று முடிவெடுக்க வேண்டியதில்லை. விடுப்பு விண்ணப்பத்தை இன்று நான் எழுதினால், காலம் ரெக்கார்டாக இருக்கும்; ஊழியர் எண்ணும் நிலையும் வெளியிலிருந்து படிக்க மட்டும் கிடைக்கும்; மொத்த நாட்கள் கணக்கிடப்படும் பிராப்பர்ட்டி, ஜாவா என்றால் மெத்தட்; மாற்றங்கள் மூன்றும் செயல்பெயர் மெத்தடுகள்; குறிப்புக்கு மட்டும் சாதாரணச் செட்டர். அந்தச் செட்டரை எழுதத் தயங்க மாட்டேன், ஏனென்றால் அதற்குக் காரணம் இருக்கிறது.

பைத்தானில் எல்லாவற்றையும் வெறும் ஃபீல்டாகத் தொடங்கி, விதி ஒன்று தலைகாட்டும்போது பிராப்பர்ட்டிக்கோ மெத்தடுக்கோ நகர்வதே இயல்பு. தேவைப்படும் என்று முன்கூட்டியே பிராப்பர்ட்டி எழுதி வைப்பதில் பயனில்லை. சி ஷார்ப்பில் முதல் நாளிலிருந்தே பிராப்பர்ட்டி, ஆனால் எழுதும் உரிமையை இயல்பாகவே பூட்டி வைத்துத் தேவைப்படும்போது மட்டும் திறப்பது. ஜாவாவில் கெட்டர்களை வேண்டிய அளவுக்கு எழுதலாம். செட்டரை மெனுவிலிருந்து மொத்தமாக உருவாக்குவதை மட்டும் நிறுத்தினாலே பாதிப் பிரச்சினை குறையும். வெளியார் பயன்படுத்தும் லைப்ரரி எழுதுபவர்கள் இரண்டாவது அளவுகோலுக்கு இரட்டிப்பு எடை கொடுக்க வேண்டும், ஏனென்றால் அவர்கள் உடைக்கும் வரிகள் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. ஒரு மாதத்தில் தூக்கி எறியப்போகும் ஸ்கிரிப்டுக்கு வெறும் ஃபீல்டு போதும்.

## ஏற்கெனவே செட்டர்கள் நிறைந்த கிளாஸ் இருந்தால்

பெரும்பாலானவர்கள் இருக்கும் நிலை இதுதான். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முயல வேண்டாம். ஜாவாவிலோ சி ஷார்ப்பிலோ, ஒரு செட்டரை மட்டும் பிரைவேட் ஆக்கிக் கம்பைல் செய்து பாருங்கள். வரும் பிழைகளின் பட்டியல்தான் உங்களுக்கு வேண்டிய ஆவணம். ஒவ்வொரு பிழையும் காட்டும் இடத்துக்குப் போய், அந்த வரிக்கு முன்னும் பின்னும் என்ன நடக்கிறது என்று பார்த்தால், நிலையை மாற்றும் பதினைந்து இடங்கள் மூன்றே வகைகளுக்குள் அடங்குவது தெரியும். அந்த மூன்றுக்கும் பெயர் வைத்தால் மெத்தடுகள் தயார். அந்தப் பதினைந்தில் எதிலாவது பதிவேட்டில் எழுதும் வரி விடுபட்டிருந்தால், நீங்கள் தேடாமலேயே ஒரு பிழையைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். ஃபிரேம்வொர்க் உள்ளிருந்து ரிஃப்ளெக்ஷன் வழியாக, அதாவது ஓடும்போது பெயரைத் தேடிப் பிடித்து, அழைக்கும் செட்டர்கள் இந்தப் பட்டியலில் வராது; அவற்றுக்குச் சோதனைகளை ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

பைத்தானில் பிழை காட்டக் கம்பைலர் கிடையாது. அங்கே ஃபீல்டை முதலில் பிராப்பர்ட்டியாக்கி, செட்டருக்குள் மதிப்பை வைப்பதோடு டெப்ரிகேஷன் எச்சரிக்கை ஒன்றையும் எழுப்புங்கள். பைத்தான் அந்த வகை எச்சரிக்கைகளைப் பெரும்பாலும் காட்டாமல் மறைத்துவிடும் என்பதால், சோதனைச் சூழலில் அவற்றைத் தெரியும்படி அமைத்துவிட்டு, ஒரு மாத முடிவுக் கணக்கு ஓடி முடியும் வரை லாகைக் கவனியுங்கள். விடுப்புக் கணக்கில் ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் ஓடும் வேலை ஏதேனும் இருந்தால், அது ஓடி முடியும் வரை அந்தச் செட்டரை நீக்க வேண்டாம்.